ஆயில் ஒழுகுகிறதா? பூசி மெழுகுங்கள்!

கார் நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு சொட்டு விழுந்திருக்கிறதா? பாராட்டுகள். இனிப் பல ஞாயிற்றுக்கிழமைகளுக்கு உங்களுக்கு வேலை இருக்கிறது. மெக்கானிக்கிடம் விட்டால் ஒரே நாளில் முடித்துக் கொடுத்துவிடுவார். அப்படி முடிந்துபோகிற வேலையில் என்ன சுவாரஸ்யம்?

உங்களிடம் இருப்பது அநேகமாக அந்த 1248 சி.சி. டீசல் இன்ஜினாகத்தான் இருக்கும். ஃபியட் உருவாக்கியது. புன்டோவில் இருந்தது, ஸ்விஃப்டில் இருந்தது, டாடா விஸ்டாவிலும் இருந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததும் மாருதி டீசல் கார் விற்பதையே நிறுத்திக்கொண்டது. ஆக, தெருவில் ஓடும் ஸ்விஃப்ட் டீசல் எதுவுமே இன்று புது வண்டி இல்லை. வயதானால் ரப்பர் இறுகும், இறுகினால் கசியும். இதில் அதிசயமும் இல்லை, அவமானமும் இல்லை. கசிவை ஒழுகலாகவும் ஒழுகலை இன்ஜின் வேலையாகவும் வளர்த்தெடுக்க மட்டும் ஓர் ஆள் தேவை. நீங்கள் இருக்கிறீர்கள். ஆரம்பிக்கலாம்.

1. எது ஒழுகுகிறது என்று பார்க்காதீர்கள்

காருக்கு அடியில் ஈரம் தெரிந்தால் அது இன்ஜின் ஆயில்தான். முடிவு கட்டிவிடுங்கள்.

விரலால் தொட்டு, முகர்ந்து, வெள்ளைத் தாளில் ஒற்றிப் பார்க்கிற கூட்டம் ஒன்று உண்டு. நிறமும் இல்லை, வாசமும் இல்லை என்றால் ஏசி தண்ணீர் என்று எழுந்து போய்விடுவார்கள். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்து தித்திப்பாக வாசம் வந்தால் கூலன்ட். சக்கரத்தின் உட்பக்கம் நனைந்திருந்தால் பிரேக் ஆயில். டீசல் வாசம் தூக்கினால் இன்ஜெக்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் பைப். அழுகிய முட்டை வாடை என்றால் கியர் ஆயில். கன்னங்கரேல் என்று இருந்தால் மட்டும் இன்ஜின் ஆயில். டீசல் வண்டியில் புது ஆயில்கூடச் சில நாளிலேயே கரி கலந்து கறுத்துவிடும்.

இவ்வளவும் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். ஆனால் யோசியுங்கள். அது வெறும் ஏசி தண்ணீர் என்று தெரிந்துபோனால் மீதி நாளை என்ன செய்வீர்கள்? மாமனார் வீட்டுக்குக் கிளம்பச் சொல்வார்கள்.

2. எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்காதீர்கள்

சொட்டுகிற இடமே ஒழுகுகிற இடம். இதில் உறுதியாக நில்லுங்கள்.

ஆயிலின் போக்கு வேறு மாதிரி என்பது உங்களுக்கும் தெரியும். டேப்பெட் கவரின் பின்மூலையில் கசிகிறது, இன்ஜினின் முதுகில் இறங்குகிறது, வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளுகிறது, கடைசியில் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் சேம்பரின் விளிம்பில் வந்து தொங்குகிறது. நீங்கள் பார்ப்பது அந்தக் கடைசிக் காட்சியை மட்டும். டீசல் வண்டியில் பிரேக் பூஸ்டருக்காகவே ஒரு வேக்குவம் பம்பு இருக்கிறது. பல இன்ஜின்களில் அது கேம் ஷாஃப்டின் முனையில், கியர்பாக்ஸுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அதன் பேக்கிங் போனால் ஆயில் கியர்பாக்ஸ் மேல் வழிந்து, கிராங்கின் பின்பக்க சீலே போய்விட்டது போல வேஷம் கட்டும். அந்த சீல் சில நூறு ரூபாய். அதை மாற்றக் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி சில ஆயிரம். வேக்குவம் பம்பின் பேக்கிங்கைப் பார்க்காமலேயே கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது. தவறவிடாதீர்கள்.

ஈரம் எங்கே தொடங்குகிறதோ, அதன் ஆக உச்சி எதுவோ, அதுதான் ஒழுகும் இடம். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, சொல்லிவிடுகிறேன், கவனமாகத் தவிர்த்துவிடுங்கள். இன்ஜினை ஆறவிட்டு, கிரீஸ் நீக்கும் ஸ்பிரே அடித்துத் துடைத்து, காயவைத்து, சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்தால், வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு தானாகத் தெரியும். குழந்தைகூடக் காட்டிக்கொடுத்துவிடும். பட்டறைக்காரர்கள் ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து புறஊதா விளக்கில் பார்ப்பதும் இதே வேலைதான்.

கழுவியே ஆக வேண்டும் என்று கை துறுதுறுத்தால், நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வந்த சூட்டோடு வாட்டர் சர்வீஸில் விட்டு, பானெட்டைத் திறந்து நேராக ஆல்டர்னேட்டரின் மேல் பீய்ச்சச் சொல்லுங்கள். சென்சார் கனெக்டர்களிலும் நன்றாகப் படட்டும். ஆயில் எங்கே ஒழுகுகிறது என்ற கேள்வியே அதற்குப் பிறகு எழாது. வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்ற கேள்விதான் எழும்.

3. ஆலோசனை கேளுங்கள்

மெக்கானிக்கைத் தவிர யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். மச்சானிடம் கேளுங்கள். அவரிடம் பைக் மட்டுமே இருப்பது கூடுதல் தகுதி.

“ஹெட் கேஸ்கட் போயிருக்கும் மாமா. நூத்துக்கு நூறு அதான்.”

“நீ வண்டியைப் பார்க்கவே இல்லையே?”

“பார்க்கணும்னு அவசியமே இல்ல. சொல்லும்போதே தெரியுதுல்ல.”

எதிர்வீட்டுக்காரர் இன்னும் ஆழமானவர். “கெட்டி ஆயிலா ஊத்துங்க. லாரிக்கு ஊத்துறது.” கம்பெனி சொல்வது 5டபிள்யூ-30 என்றால் நீங்கள் 20டபிள்யூ-50 வாங்கி ஊற்றுங்கள். ஓட்டை சின்னது, ஆயில் கெட்டி, எப்படி ஒழுகும் என்பது வாதம். ஆயில் நகர்ந்து மேலே போனால்தானே ஒழுக? விடியற்காலையில் ஸ்டார்ட் செய்தால் அது டர்போவுக்குப் போய்ச் சேரும் வரை டர்போ வறண்டுபோய்ச் சுற்றிக்கொண்டிருக்கும். பி.எஸ்.6 வண்டி வைத்திருப்பவர்களும் மனம் தளர வேண்டாம். அதன் சைலன்சர் பாதையில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. சாம்பல் குறைவாக உண்டாகும் தனி ஆயில்தான் அதற்கு ஊற்ற வேண்டும். லாரி ஆயிலை ஊற்றி அதையும் அடைத்து வைக்கலாம்.

4. பேக்கிங் வாங்கப் போங்கள்

சென்னை என்றால் ஜி.பி. ரோடு, பழையதுதான் உறுதி என்று நம்புகிறவராக இருந்தால் புதுப்பேட்டை. பழைய பேக்கிங்கைக் கழற்றி மாதிரிக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

“அண்ணே, டீசல் வண்டிக்கு பேக்கிங் குடுங்க.”

“என்ன வண்டி சார்?”

“ஸ்விஃப்டு. வெள்ளை கலர்.”

“எந்த வருஷம்? சேஸிஸ் நம்பர் இருக்கா? எந்த பேக்கிங்? டேப்பெட் கவரா, சேம்பரா, ஆயில் கூலரா?”

இந்தக் கேள்வியெல்லாம் உங்கள் ஆண்மையை உரசிப் பார்ப்பதற்காகக் கேட்கப்படுபவை. “செட்டா குடுங்கண்ணே” என்று சொல்லிவிடுங்கள். ஒரே இன்ஜினில் 75 குதிரைத்திறன் ஒன்று, 90 குதிரைத்திறன் ஒன்று என்று இரண்டு வகை வந்ததும், சில உதிரிகள் ஒன்றுக்கு ஒன்று பொருந்தாததும் உங்கள் கவலை இல்லை. பொருந்தாத இடத்தை டியூபில் வரும் சிலிகான் பசை பார்த்துக்கொள்ளும்.

ட்ரெயின் நட்டுக்கு அடியில் போடும் வாஷர் ஒன்று எடுத்துக் கொடுப்பார். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிதாகப் போட வேண்டியது அது. நசுங்கித்தான் அடைக்கும், ஒருமுறை நசுங்கியது மறுமுறை நசுங்காது. விலை டீக்காசு. வேண்டாம் என்று சொல்லி மிச்சம் பிடியுங்கள்.

5. வண்டியைத் தூக்குங்கள்

டிக்கியில் கிடக்கும் ஜாக்கியை எடுங்கள். டயர் மாற்றுகிற ஐந்து நிமிடத்துக்கு வண்டியைத் தாங்குவதற்காகக் கொடுத்தது. அதை வழவழப்பான போர்டிகோ டைல்ஸ் மேல், சாய்தளத்தில் நிறுத்தி, பக்கத்தில் ஹாலோ பிளாக் கல் இரண்டு அடுக்கி...

இல்லை. இந்த ஒரு படியை மட்டும் சொதப்ப வேண்டாம். ஹாலோ பிளாக் விரிசல் விட்டு எச்சரிக்காது, ஒரேயடியாக நொறுங்கும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, இரும்பு ஸ்டாண்டுகள் மேல் வண்டியை உட்காரவைத்து, ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டு அடியில் போங்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் அடியில் போகவே போகாதீர்கள். மீதியுள்ள படிகளைச் சொதப்ப நீங்கள் உயிரோடு வேண்டும்.

6. ஆயிலை இறக்குங்கள்

வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்கினால் ஆயில் முழுக்க வடியும். ஆகவே கொதிக்கக் கொதிக்க இறக்குங்கள். நட்டின் கடைசி மரை கழலும்போது ஆயில் நேராகக் கீழே விழாது, முன்னால் பாயும். உங்கள் முழங்கை அங்கேதான் இருக்கும்.

பாத்திர விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. சமையலறையில் பொங்கலுக்கு மட்டும் வெளியே வரும் பெரிய அலுமினியப் பாத்திரம்தான் சரியான அளவு. கழுவி வைத்துவிடலாம் என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். டீசல் கரி எதைக் கழுவினாலும் போவதில்லை என்பது வீட்டில் தெரியவரும்போது நீங்கள் வண்டிக்கு அடியில் இருப்பீர்கள். அதைவிடப் பாதுகாப்பான இடம் அப்போது இருக்காது.

இறக்கிய ஆயிலைக் கேனில் ஊற்றி, மாடிப்படிக்கு அடியில் வையுங்கள். “கதவுக்கு அடிக்கலாம், கரையான் வராது”, “சென்ட்ரிங் பலகைக்கு யாராவது கேட்பாங்க” என்று சொல்லிக்கொண்டே இருங்கள். யாரும் கேட்க மாட்டார்கள். பயன்படுத்திய ஆயில் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் முதல் அட்டவணையிலேயே இடம்பெற்ற பொருள். பட்டறையில் கொடுத்தால் அவர்கள் டிரம்மில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு வாங்குகிறவரிடம் கொடுப்பார்கள். நீங்களோ மழை பெய்யும் ராத்திரிக்காகக் காத்திருக்கிறீர்கள். சாக்கடைமூடி எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். நான் எதையும் பார்க்கவில்லை.

7. சிலிகான்

இதுதான் இந்தக் கலையின் உயிர். இதுவரை வந்தது எல்லாம் இதற்கான ஏற்பாடு.

டியூபின் முதுகில் பொடி எழுத்தில் என்னவோ எழுதியிருக்கும்: இரு பக்கத்தையும் சுரண்டிப் பழைய பேக்கிங் துணுக்குகளை எடு, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடை, மெல்லிய கோடாக, விட்டுப்போகாமல், போல்ட் ஓட்டைகளுக்கு உட்புறமாகப் போடு, மாட்டு, முழுவதும் இறுகும் வரை பொறு, பிறகு ஆயில் ஊற்று. பொறுமைசாலிகளுக்கு எழுதியது. நீங்கள் இப்படிச் செய்யுங்கள்.

அ. துடைக்காதீர்கள். ஆயில் ஈரத்தின் மேலேயே பூசுங்கள். சிலிகான் உலோகத்தில் ஒட்டுவதற்குப் பதில் ஆயிலில் ஒட்டும். ஆயில் எதிலும் ஒட்டாது.

ஆ. பழைய பேக்கிங்கை எடுக்க ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். அலுமினிய முகப்பில் ஆழமாக ஒரு கீறல் விழட்டும். இனி எந்த ஒரிஜினல் பேக்கிங்கும் அங்கே வேலை செய்யாது, ஆயுளுக்கும் சிலிகான்தான்.

இ. முறுக்கு பிழிவதுபோலச் சுற்றிச் சுற்றிப் பிழியுங்கள். டியூபில் மிச்சம் வைக்காதீர்கள்.

ஈ. ரப்பர் பேக்கிங் தன்னந்தனியாக அடைக்கும்படி செய்யப்பட்ட இடங்களிலும் அதன் மேல் சிலிகான் பூசுங்கள். வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். வந்தால் இன்னும் கொஞ்சம் பூசுங்கள்.

மாட்டியதும் வெளியே அழகாகப் பிதுங்கி நிற்கும். அதைப் பார்த்துத் திருப்தி அடையுங்கள். வெளியே எவ்வளவு பிதுங்கியதோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கிறது. அதை நீங்கள் பார்க்க முடியாது. நாளாக ஆக அது துண்டு துண்டாக உதிர்ந்து, சேம்பரில் மிதந்து, ஆயில் பம்பின் வாயிலிருக்கும் ஸ்ட்ரெய்னர் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். பம்பு உறிஞ்சும், பாதிதான் வரும். கிராங்க் பேரிங்குக்குக் குறையும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழலும் டர்போவின் தண்டு ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது, அதற்கும் குறையும். வெளியே சொட்டு ஒழுகாததால் நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். அந்த நிம்மதிக்கு ஈடு இல்லை.

சிலிகான் தீர்ந்துவிட்டால் எம்சீல். அது இறுகிய பிறகு அந்த நட்டை இனி ஒருவரும் கழற்ற முடியாது, உங்களையும் சேர்த்து.

8. முறுக்குங்கள்

சேம்பரையும் கவரையும் பிடித்திருப்பவை பெரும்பாலும் 10 எம்.எம். ஸ்பேனர் போடும் சின்ன போல்ட்டுகள். அவற்றுக்கு வேண்டிய முறுக்கம் சுமார் 10 நியூட்டன் மீட்டர். அதாவது ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தொங்கவிட்டால் எவ்வளவோ அவ்வளவு. நம்ப முடிகிறதா? ஒரு கிலோ! இதற்கா காலையில் நாலு இட்லி சாப்பிட்டீர்கள்?

டார்க் ரென்ச் வைத்திருப்பவனை நம்பாதீர்கள். ஸ்பேனரில் ஒரு ஜி.ஐ. பைப்பைச் செருகுங்கள். எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் பேக்கிங் சமமாக உட்காரும். ஆகவே ஒரு மூலையில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாக, கடைசிவரை முறுக்கிக்கொண்டே போங்கள். தகட்டுச் சேம்பராக இருந்தால் போல்ட் இருக்கும் இடத்தில் தகடு குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் மேலெழும்பும். முன்பு ஓர் இடத்தில் ஒழுகியது இப்போது ஒவ்வொரு இடைவெளியிலும் ஒழுகும்.

அலுமினியமாக இருந்தால் இன்னும் இன்பம். முறுக்கிக்கொண்டே வரும்போது ஒரு கட்டத்தில் ஸ்பேனர் திடீரென்று இலகுவாகச் சுற்றும். “நல்லா ஏறிடுச்சு” என்று தோன்றும். ஏறவில்லை, மரை போய்விட்டது. லேத் பட்டறையில் ஹெலிகாயில் போட்டுத்தான் மீட்க முடியும். போல்ட்டின் தலை மட்டும் கையோடு வந்தால் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பாருங்கள்.

9. ஆயில் ஊற்றுங்கள், கொஞ்சம் கூடவே

டிப்ஸ்டிக்கில் இரண்டு கோடு. கீழ்க்கோடு கோழைகளுக்கு. மேல்கோடு சராசரி மனிதர்களுக்கு. எப்படியும் ஒழுகத்தானே போகிறது, முன்கூட்டியே ஒரு லிட்டர் கூட ஊற்றி வையுங்கள்.

கூடுதல் ஆயிலில் கிராங்க் அடித்து நுரைக்கவைக்கும். நுரைத்த ஆயிலில் காற்றுதான் பாதி. பம்பு அதைத் தள்ளித் தோற்கும். மிச்சம், உள்ளே சேரும் வாயு வெளியேறுவதற்கான பிரீதர் பைப் வழியாக ஏறி, இன்ஜின் காற்று இழுக்கும் பாதைக்குள் போகும். இங்கேதான் டீசல் இன்ஜின் தன் தனித்திறமையைக் காட்டும். அதற்குத் தீப்பொறி தேவையில்லை. காற்றை 16, 18 மடங்கு நெருக்கி உண்டாகும் சூட்டிலேயே எதையும் எரித்துக்கொள்ளும். டீசல் என்ன, ஆயில் என்ன? காற்றோடு ஆயில் போதுமான அளவு வந்துவிட்டால் அதைக் குடித்தே ஓட ஆரம்பிக்கும். டர்போவின் சீல் போனாலும் இதே கதைதான்.

நீங்கள் சாவியை அணைப்பீர்கள். இன்ஜெக்டர் டீசலை நிறுத்தும். இன்ஜின் நிற்காது. இன்னும் வேகமாகும். தெரு முழுக்க வெள்ளைப் புகை. இந்த இடத்தில் விவரம் தெரிந்தவன் சீட்டிலேயே இருந்தால் பிரேக்கை அழுத்தி மிதித்து, உயர்ந்த கியரில் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு இன்ஜினை முடக்கிவிடுவான். வெளியே இருந்தால், கையை வைக்காமல், பலகையால் காற்றுக்குழாயின் வாயை அடைப்பான். அதற்கும் வழியில்லையென்றால் தள்ளி ஓடுவான். நீங்கள் பானெட்டைத் திறந்து அருகில் குனிந்து நின்று போனில் வீடியோ எடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் ஊற்றாமலேயே டிப்ஸ்டிக்கில் அளவு ஏறிக்கொண்டே போனால் மகிழ்ச்சி அடையுங்கள். ஒழுகுகிற வண்டியில் ஆயில் ஊறுகிறது என்று மச்சானிடம் சொல்லுங்கள். உள்ளே டீசல் கலந்துகொண்டிருக்கிறது என்று யாராவது சொன்னால் பொறாமை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

10. சிவப்பு விளக்கு

ஆயில் அழுத்தம் குறைந்தால் டாஷ்போர்டில் எரிவது. எரிந்தால் எரியட்டும். பகலில் கண்ணுக்கே தெரியாது.

11. தரையைக் கவனியுங்கள்

உங்கள் உண்மையான பிரச்சினை இன்ஜின் இல்லை, தரை. ஒழுகுகிற ஆயில் இன்ஜினைக் கொல்லலாம்; ஆனால் தரையில் இருக்கும் கறைதான் வீட்டில் பேச்சைக் கிளப்புகிறது. ஆகவே உழைப்பை அங்கே போடுங்கள்.

அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரியுங்கள். ஃபிரிட்ஜ் வந்த பெட்டியாக இருந்தால் நல்லது. அட்டையில் விழும் சொட்டுகளின் இடத்தைக் குறித்து வைத்தால் எங்கிருந்து ஒழுகுகிறது என்று ஓரளவு ஊகிக்கலாம்; குறிக்காதீர்கள், ஊறிப்போனதும் தூக்கிப்போட்டு வேறு விரியுங்கள். மரத்தூள் போட்டால் உறிஞ்சும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஒரே இடத்தில் வண்டியை நிறுத்தவே கூடாது. இன்று பி-4, நாளை விருந்தாளிகளுக்கான இடம், மறுநாள் அசோசியேஷன் செயலாளரின் இடம். கறை எல்லா இடத்திலும் இருந்தால் அது உங்களுடையது என்று எப்படிச் சொல்ல முடியும்? வாட்ஸப் குழுவில் முதல் ஆளாக நீங்களே கேளுங்கள்: “யார் வண்டியோ ஆயில் ஒழுகுது, கொஞ்சம் பாருங்கப்பா. பசங்க விளையாடுற இடம்.”

ஆயில் விழக்கூடாத இடங்கள் வண்டிக்குள்ளேயே சில இருக்கின்றன. அவற்றைப் பற்றி நினைக்காதீர்கள். டஸ்ட்டரின் 1.5 லிட்டர் டீசலைப் போலச் சில இன்ஜின்களில் டைமிங் செயினுக்குப் பதில் பெல்ட். அதில் ஆயில் ஊறினால் பெல்ட் ஊதி, பற்கள் உதிரும், பிஸ்டன் எழும்பி வால்வை முட்டும். கிளட்ச் தட்டில் பட்டால் மேட்டில் ஏறும்போது இன்ஜின் உறுமும், வண்டி நகராது. சிவக்கச் சூடாகும் டர்போவின் மேல் சொட்டினால் ஏசி வழியாக ஒரு கருகல் வாசம் வரும். கார் வாசனைப் பாட்டிலை மாற்றுங்கள்.

12. மறுபடியும் 7

மறுபடியும் ஒழுகுகிறதா? ஒழுகும். ஏழாம் படிக்குப் போங்கள். டியூபை இரண்டாக வாங்கினால் விலை குறைத்துத் தருவார்கள்.

13. இதை மட்டும் செய்துவிடாதீர்கள்

ஒரே சமயத்தில் டேப்பெட் கவர், டிப்ஸ்டிக் குழாய், முன் சீல், பின் சீல் என்று பல இடங்களில் கசிந்தால், அத்தனை பேக்கிங்கும் ஒரே வாரத்தில் பேசிவைத்துக்கொண்டு போகவில்லை என்று ஒரு சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தை முளையிலேயே கிள்ளுங்கள். ஏனென்றால் அது உங்களைப் பிரீதர் பைப்பிடம் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

எவ்வளவு புதிய இன்ஜினாக இருந்தாலும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்கத்தான் செய்யும். அது வெளியேற ஒரு சின்ன ரப்பர் பைப்பும் ஒரு வால்வும் இருக்கின்றன. வாயுவை மறுபடி காற்றுப்பாதைக்கே அனுப்பிவிடும். டீசல் கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்த கறுப்புக் களிம்பு நாளடைவில் அதை அடைக்கும். அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எந்த சீல் இளைத்ததோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். அதை அடைத்தால் அடுத்ததன் வழியாக. நீங்கள் சிலிகான் பூசப் பூச ஒழுகல் இடம் மாறிக்கொண்டே போனதே, அதற்குக் காரணம் இதுதான்.

சோதிப்பதும் எளிது, அதுதான் ஆபத்து. இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி மெல்லத் தூக்கினால், லேசாக மூச்சுவிட்டால் சரி. புஸ்ஸென்று புகை தள்ளி மூடியைத் தள்ளாடவைத்தால், ஒன்று பிரீதர் அடைத்திருக்கிறது, அல்லது ரிங் தேய்ந்திருக்கிறது. பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். செலவு அநேகமாக ஒன்றுமில்லை. இதை முதல் நாளே செய்திருந்தால் 3-இலிருந்து 12 வரை எதுவுமே தேவைப்பட்டிருக்காது. அதனால்தான் இதை 13-ஆவதாக வைத்தேன்.

14. மெக்கானிக்கிடம் போங்கள்

வேறு வழியில்லாமல் போகும்போது மட்டும். வண்டி வாங்கிய நாளிலிருந்து சர்வீஸ் பார்க்கும் அதே அண்ணனிடம், ஒன்றும் தெரியாத முகத்தோடு போங்கள். “ஏதோ லேசா ஆயில் கசியுதுண்ணே, சும்மா பார்த்துடுங்க.”

அவர் பானெட்டைத் திறந்ததும் முதலில் பிரீதர் பைப்பைக் கழற்றி, வாயில் வைத்து ஊதி, ஊத முடியாமல், கம்பி விட்டுக் குத்தி, ஒரு விரல் நீளக் கறுப்புக் களிம்பை வெளியே எடுப்பார். “நானும் அதான் நெனச்சேன்” என்று சொல்ல இதுவே தருணம். தாமதிக்காதீர்கள்.

பிறகு சேம்பரை இறக்குவார். இறங்காது. உளி வைத்துத் தட்டுவார். இறங்கியதும் ஸ்ட்ரெய்னரைத் திருப்பிப் பார்த்து, வலையில் சுருண்டு கிடக்கும் சிலிகான் புழுக்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, உங்கள் கண்ணெதிரே ஒரு பழைய நியூஸ்பேப்பரில் வரிசையாக வைப்பார். மரை போன மூன்று ஓட்டையை விரலால் தடவுவார். தலையில்லாத போல்ட்டைப் பார்ப்பார். எம்சீலைப் பார்ப்பார். கடைசியில் உங்களைப் பார்ப்பார்.

“யாரு சார் இதுல கை வெச்சது?”

கண்ணிமைக்காமல் சொல்லுங்கள்: “எனக்கு முன்னாடி வெச்சிருந்தவருண்ணே.”